ஹீரோ யாருன்னு கேக்காதீங்க, எழுதுனது யாருன்னு கேளுங்க

காரைக்குடியில இப்ப யார்கிட்ட பேச்சு குடுத்தாலும் கடைசில கொரியன் சீரியல்ல வந்து நிக்குது. அழகப்பா யுனிவர்சிட்டி ஹாஸ்டல் பிள்ளைங்கள விடுங்க, அதுக பாக்கும்னு தெரிஞ்சதுதான். செக்காலை ரோட்ல ஒரு கடைக்குப் போனா பில் போடுற பொண்ணு கம்ப்யூட்டர் மேல போன சாச்சு வச்சு, ஒரு கண்ணு சீரியல்ல ஒரு கண்ணு ரேட்லன்னு உக்காந்திருக்கு. சமீபத்துல ஒரு கல்யாணத்துல பந்திக்கு நின்னுக்கிட்டு இருந்தப்ப சொந்தக்காரங்க நாலஞ்சு பேரு சுத்திக்கிட்டாங்க, நீதான் நெறைய பாப்பியாமே, நல்லதா ஒண்ணு சொல்லேன்னு. சொன்னேன். ஒடனே எல்லார்கிட்ட இருந்தும் ஒரே கேள்வி, ஹீரோ யாரு, கன்னத்துல குழி விழுமே அந்தப் பையனா?

இந்தக் கேள்விய கேட்டாலே எனக்கு கடுப்பா வரும். ஹீரோவ பாத்து கொரியன் டிராமா தேர்ந்தெடுத்தா பாதி நேரம் ஏமாந்துதான் போவீங்க, ஏன்னா அங்க சீரியல் நடிகரோட சொத்து இல்ல, டைரக்டரோட சொத்துகூட முழுசா இல்ல, எழுதுறவங்களோட சொத்து. சினிமா எடுத்தா அவங்க ஊர்லயும் டைரக்டர் பேருதான் முன்னாடி வரும். டிவின்னு வந்துட்டா நிலைமையே வேற, புது டிராமா அறிவிப்பு வர்றப்பவே இன்னார் எழுதுறாங்கன்னுதான் செய்தி வரும், பெரிய பெரிய ஸ்டாருங்க அந்தப் பேர பாத்துத்தான் கையெழுத்தே போடுவாங்க.

இதுக்கு காரணம் அந்த சீரியலோட அளவுதான்னு எனக்குத் தோணும். பெரும்பாலும் 16 எபிசோடு, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம் இல்ல அதுக்கும் மேல, இப்பல்லாம் 12ம் வருது. திங்கள் செவ்வாய், இல்ல புதன் வியாழன், இல்ல சனி ஞாயிறுன்னு வாரத்துக்கு ரெண்டு நாள் ஓடி ரெண்டு மாசத்துல முடிஞ்சிரும். முடியப்போறது எங்கன்னு எழுதுறவங்களுக்குத் தெரியும், மொத எபிசோடுல போட்ட முடிச்ச கடைசி எபிசோடுல அவிழ்க்கலாம்னு நம்பி போடலாம். பல சீரியல்ல பதினாறையும் எழுதுறது ஒரே ஆளுதான், கூட ரெண்டு மூணு உதவி எழுத்தாளருங்க இருப்பாங்க, தகவல் தேடிக் குடுப்பாங்க, சீன் போட்டுக் குடுப்பாங்க, ஆனா குரல் ஒருத்தரோடது. நம்ம ஊர்ல ஆயிரம் எபிசோடு ஓடுற சீரியல்ல கதை ஒருத்தர், திரைக்கதை ஒருத்தர், வசனம் இன்னொருத்தர், நடுவுல ஆள் மாறும், டிஆர்பி இறங்குனா செத்தவன் திரும்பி வருவான். எழுதுறவங்கள குத்தம் சொல்லி என்ன பண்றது, முடிவே இல்லாத கதைய எந்த மகராசன் எழுத முடியும்.

(கொரியாவுல எல்லாமே தங்கம்னு நெனச்சுக்காதீங்க. அங்கயும் தினம் ஓடுற நூறு எபிசோடு சீரியல் இருக்கு, மாமியார் கொடுமை இருக்கு, ஆஸ்பத்திரில பிள்ளைய மாத்தி வைக்கிறது இருக்கு, செத்தவங்க எந்திரிச்சு வர்றது இருக்கு. அதெல்லாம் நெட்ஃபிளிக்ஸ்ல நம்ம கண்ணுல ரொம்ப படுறதில்ல, அவ்ளோதான்.)

இன்னொரு விஷயம், அந்த எழுத்தாளருங்கள்ல பெரும்பாலும் பொம்பளைங்க. கிம் சூ ஹ்யூன்னு ஒருத்தங்க, இப்ப இருக்க நடிகர் கிம் சூ ஹ்யூன் இல்ல, அந்தம்மா 1943ல பொறந்தவங்க, அவங்க எழுதுன குடும்ப சீரியல் ஒண்ணு 1991ல எம்பிசி சேனல்ல ஓடுச்சு, அத 1997ல சீனா டிவில போட்டப்ப அங்க அவ்ளோ பேரு பாத்தாங்க. கொரியன் அலைன்னு இன்னைக்கு உலகமே பேசுறதுக்கு தொடக்கத்த தேடிப் போறவங்க அந்த சீரியல்ல போய்த்தான் நிப்பாங்க. அடுத்த தலைமுறைல கிம் உன் சூக், கிழக்குக் கடற்கரை ஊரு காங்னுங்ல இருந்து வந்தவங்க. 2004ல லவ்வர்ஸ் இன் பாரிஸ், 2010ல சீக்ரெட் கார்டன், 2016ல டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன், அதே வருஷக் கடைசில காப்ளின், 2018ல மிஸ்டர் சன்ஷைன். ஹீரோ மாறிக்கிட்டே இருப்பான், ஆனா ரெண்டு பேரும் மாறி மாறி வெடுக்கு வெடுக்குன்னு பேசிக்கிற அந்த பேச்சு மட்டும் மாறாது, கண்ண மூடிக்கிட்டு கேட்டாலும் இது அந்தம்மா எழுதுனதுன்னு சொல்லிறலாம். அவங்களே 2022 கடைசில தி குளோரி எழுதுனாங்க, ஸ்கூல்ல கூட படிச்சவங்க பண்ணுன சித்ரவதைக்கு ஒரு பொண்ணு பெரியவளாகி பழி வாங்குற கதை. அது எங்க இருந்து வந்துச்சுன்னா, அவங்க மக ஒரு நாள் கேட்டாளாம், நான் ஒருத்தர அடிச்சுட்டு வந்தா உனக்கு ரொம்ப வலிக்குமா, அடி வாங்கிட்டு வந்தா ரொம்ப வலிக்குமான்னு. எந்த அம்மாவுக்கும் ரெண்டு நாள் தூக்கம் போயிருக்கும், இவங்க அத 16 எபிசோடாக்கிட்டாங்க.

சரி, எங்க வீட்டுக்கு வர்றேன். எங்க அப்பத்தாவுக்கு எம்பது தாண்டியாச்சு. காது நல்லா கேக்கும், கண்ணு ஆப்பரேஷன் பண்ணதுக்கப்புறம் தூரத்துல இருக்கறது தெளிவா தெரியும், ஆனா இங்கிலீஷ் சப்டைட்டில் வாசிக்கத் தெரியாது. முன்னாடி புதுயுகம் டிவில தமிழ்ல டப் பண்ணி கொரியன் சீரியல் போட்டப்ப எட்டிப் பாத்துட்டு, அதுல முடிய வளத்து விட்டுருக்க நாலு பயலுகளையும் பாத்து "இதுகளுக்கு அப்பன் ஆத்தா இல்லையா, முடி வெட்டிவிட ஆளில்லையா"ன்னு கேட்டுட்டுப் போய் படுத்துட்டாக. அவுகள உக்கார வச்சது டே ஜாங் கும். நான் பக்கத்துல உக்காந்து சப்டைட்டில வாசிச்சு தமிழ்ல சொல்லிக்கிட்டே வருவேன், என் தொண்டை வத்திரும், ஆனா ஒரு வரி விட்டா "அவ என்னமோ சொன்னாளே, அதச் சொல்லலையே நீ"ன்னு கேப்பாக.

டே ஜாங் கும் தெரியாதவங்களுக்கு சொல்லிர்றேன், 2003 செப்டம்பர்ல எம்பிசில ஆரம்பிச்சு 2004 மார்ச்ல முடிஞ்ச சீரியல், 54 எபிசோடு. எழுதுனது கிம் யங் ஹ்யூன், டைரக்டர் லீ ப்யூங் ஹூன், லீ யங் ஏ நடிச்சது. அரமனை சமையக்கட்டுக்கு ஒரு சின்னப் பொண்ணா வர்றவ, சமையல்காரியா வளந்து, பழி விழுந்து ஜேஜு தீவுக்கு அனுப்பப்பட்டு, அங்க வைத்தியம் படிச்சு கடைசில ராஜாவுக்கே வைத்தியம் பாக்குற அளவுக்கு வர்ற கதை. ஜாங் கும்னு ஒரு மருத்துவச்சி நெசமாவே இருந்திருக்காங்க, ஜுங்ஜோங் ராஜா காலத்து அரச குறிப்புகள்ல ஆங்காங்க சில வரி வருது, 1544ல ராஜா உடம்பு முடியாம கெடந்தப்ப என் நோய் என்னன்னு மருத்துவச்சிக்குத் தெரியும்னு சொன்னதா எழுதி வச்சிருக்காங்க. அவ்ளோதான் கைல இருந்தது. அவ எங்க பொறந்தா, யாருகிட்ட சமைக்கக் கத்துக்கிட்டா, சமைச்சாளாங்கறதே கெடையாது. அந்த சில வரிய வச்சுக்கிட்டு கிம் யங் ஹ்யூன் 54 மணி நேரத்துக்கு உக்கார வச்சிருக்காங்க பாருங்க, நான் எழுத்து எழுத்துன்னு கத்துறது இதுக்குத்தான்.

அதுல ஒரு எடம் வரும். சமையக்கட்டுல பழக வந்த சின்னப் பிள்ளைங்கள உக்கார வச்சு மூத்த சமையல்காரம்மா ஒருத்தங்க ஒரு கறிய குடுத்து, இதுல இனிப்புக்கு என்ன போட்டிருக்குன்னு கேப்பாங்க. ஒண்ணு சக்கரைங்கும், ஒண்ணு தேனுங்கும். ஜாங் கும் மட்டும் பழுத்த பெர்சிமன் பழம்னு சொல்லுவா. எப்படி கண்டுபிடிச்சேன்னு கேட்டா அந்தப் பிள்ள திருதிருன்னு முழிச்சுட்டு, மெல்லும்போது பெர்சிமன் ருசி வந்துச்சு, அதனால பெர்சிமன்னு சொன்னேன், ஏன்னு கேட்டா எப்படி சொல்றதுன்னு நிக்கும். அப்பத்தா அந்த எடத்துல தொடையில ஒரு அடி அடிச்சாக, அவுக தொடையில இல்ல, என் தொடையில. "அதான்! நாக்குல பட்டுச்சு சொன்னா, வேற என்னத்தச் சொல்லுவா"ன்னுட்டு, எங்க வீட்டுக்கு பலகாரம் போட வர்ற ஆச்சிமார்ல ஒருத்தவுக கந்தரப்ப மாவ விரல்ல தொட்டு நாக்குல வச்சு உளுந்து கூடிப்போச்சுன்னு சொல்லுறத, கரண்டி வச்சு அளக்குற எங்க அம்மா நம்பாம மறுபடி அரைச்சு சட்டி பூரா வீணாப்போனத, ஒரு பத்து நிமிஷம் சொன்னாக. நான் பாஸ் பண்ணி வச்சுட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன். அம்மா அடுப்படில இருந்து "எனக்கு எல்லாம் கேக்குது"ன்னு சத்தம் குடுத்தாங்க.

அந்த சீரியல்ல வர்ற சாப்பாடு சும்மா ஆர்ட் டைரக்டர் கலர் பாத்து அடுக்குனது இல்ல. ஜோசன் ராஜ வம்சத்து அரமனைல கடைசியா வேல பாத்த சமையல் பெண்கள்ல ஹான் ஹூய் சுன்னு ஒருத்தங்க, அவங்ககிட்ட போய் பல வருஷம் கத்துக்கிட்டு எழுதி வச்சவங்க ஹ்வாங் ஹே சியோங், அவங்க மக ஹான் போக் ரியோ. அரமனை சமையல அரசாங்கம் பண்பாட்டுச் சொத்துன்னு அறிவிச்சு இவங்க மூணு பேரையும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா அதுக்கு உரியவங்கன்னு அங்கீகரிச்சாங்க. அந்த ஹான் போக் ரியோதான் டே ஜாங் குமுக்கு சமையல் ஆலோசனை. இத நான் அப்பத்தாகிட்ட சொன்னப்ப அவுக கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "அந்த மக எழுதி வச்சிருக்காளா?" எழுதி வச்சிருக்காங்க அப்பத்தா, புஸ்தகமாவே போட்டிருக்காங்கன்னேன். ரொம்ப நேரம் பேசல. எங்க பக்கத்து ஊர்கள்ல எத்தன பலகாரம் அத செஞ்ச ஆளோடயே போயிருச்சுன்னு எனக்குத் தெரியும், மனகோலத்துக்கு பாகு எப்ப எறக்கணும்னு சரியா சொல்ற ஆளு இப்ப எங்க வீதில யாரும் இல்ல, கடைல வாங்கிக்கிறோம். ஹான் சாங்குங், அதான் ஜாங் கும்க்கு குருவா வர்றவங்க, ஜேஜுவுக்கு போற வழில அவ முதுகுலயே செத்துப்போற எபிசோடு அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல யாரும் சரியா சாப்பிடல.

ஊருக்குள்ள ஒரு வளவு வீட்டுல கூட்டுக் குடும்பமா வளந்தவங்களுக்கு ரிப்ளை 1988 போட்டுக் காட்டுங்க. சியோல்ல சாங்முன் டாங்னு ஒரு பகுதி, ஒரே சந்துல அஞ்சு குடும்பம், மொத எபிசோடுலயே ஒரு வீட்டுல செஞ்ச பதார்த்தத்த பிள்ளைங்க கிண்ணத்துல தூக்கிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட, அவங்க வெறுங்கிண்ணம் குடுக்கக்கூடாதுன்னு வேற ஒண்ணு வச்சு அனுப்ப, சாப்பாட்டு நேரம் பூரா அந்த சந்து முழுக்க கிண்ணமா ஓடும். எங்க சித்தப்பா அதப் பாத்துட்டு "இவிங்க நம்ம வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போயிருக்காய்ங்க"ன்னாரு. இத எழுதுன லீ ஊ ஜங், எடுத்த ஷின் வோன் ஹோ ரெண்டு பேரும் சீரியல்காரங்களே இல்ல, சிரிப்பு ரியாலிட்டி ஷோ பண்ணிட்டு இருந்தவங்க. எழுத்தாளருங்க கூட்டமா உக்காந்து சொந்தக் கதைய பேசிப் பேசி சீன் புடிக்கிற பழக்கம் அங்க இருந்து வந்தது, அதனாலதான் அதுல கதையே இல்லாம கதை நடக்கும்.

தகவல் தேடுறதுல கொரியாக்காரங்கள அடிச்சுக்க முடியாது. க்ராஷ் லேண்டிங் ஆன் யூ, பார்க் ஜி உன் எழுதுனது, தென் கொரியா பணக்காரப் பொண்ணு பாராகிளைடர்ல பறந்து காத்துல மாட்டி வட கொரியாவுல விழுந்துருவா. கேக்க காமெடியா இருக்கும். ஆனா அந்த எழுத்தாளர் குழுவுல வட கொரியாவுல இருந்து தப்பிச்சு வந்த ஒருத்தர் இருந்தாரு, அங்க ராணுவத்துல இருந்து, பியாங்யாங்ல சினிமாவும் படிச்சவரு. கிராமத்துல கரண்ட் போறது, பொம்பளைங்க சேந்து கிம்ச்சி ஊறுகா போடுறது, சந்தைல தென் கொரியா சாமான ஒளிச்சு வச்சு விக்கிறதெல்லாம் அப்படித்தான் அவ்ளோ துல்லியமா வந்துச்சு. கிம் உன் ஹீ எழுதுன சிக்னல் 2016ல வந்தது, ஹ்வாசோங் பக்கம் நடந்த தொடர் கொலைகள நெனப்புல வச்சு எழுதுனது, அப்ப வரைக்கும் கொலைகாரன் சிக்கல. சீரியல் முடிஞ்சு மூணு வருஷம் கழிச்சு, 2019ல, டிஎன்ஏ வச்சு ஆள கண்டுபிடிச்சாங்க, வேற கொலைக்கு ஏற்கனவே ஜெயில்ல உக்காந்திருந்திருக்கான். நான் அந்த நியூஸ் வந்தப்புறம் சிக்னல மறுபடி பாத்தேன், முதுகு சில்லுன்னு ஆயிருச்சு.

(பேருக் குழப்பம் வேற. சிக்னல் எடுத்த டைரக்டர் கிம் வோன் சியோக். டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்ல கூட எழுதுனவரு பேரும் கிம் வோன் சியோக். ரெண்டும் வேற வேற ஆளு. நம்ம ஊர்ல ஒரே பந்தில மூணு மெய்யப்பன் உக்காந்திருக்க மாதிரி வச்சுக்கோங்க.)

இவ்ளோ நேரம் எழுத்தாளருங்கள தலைல தூக்கி வச்சு ஆடுனேன்ல, இப்ப மறுபக்கம்.

எங்க சித்தப்பாவோட பங்குல ஒரு வீடு காரைக்குடி பக்கம் கானாடுகாத்தான்ல இருக்கு, அத ஷூட்டிங்குக்கு விடுறாங்க. இந்தப் பக்கம் இது புதுசு இல்ல, சினிமாக்காரங்களுக்கு பண்ணையார் வீடு வேணும்னா, ஜமீன் வீடு வேணும்னா, பர்மா தேக்குத் தூணு வேணும்னா வண்டிய நேரா இங்கதான் விடுவாங்க. ஒரு தடவ ஒரு சீரியல் யூனிட் வந்திருந்தாங்க, நானும் போயிருந்தேன். முகப்புல ஜெனரேட்டர் ஒயர் பாம்பு மாதிரி ஓடுது, ஆத்தங்குடி கல்லு மேல டிராலி போடக்கூடாதுன்னு சித்தப்பா பழைய ஜமக்காளத்த விரிச்சு விட்டுட்டு தூணுக்கு ஒரு பக்கமா நின்னு கண் கொட்டாம பாத்துக்கிட்டு இருக்காரு, எல்லாம் ரெடி, நடிக்கிற அம்மா கழுத்து நெறைய கவரிங் நகைய போட்டு பட்டுச்சேலைல வேர்த்துப்போய் உக்காந்திருக்காங்க, ஆனா கேமரா ஓடல. என்னன்னு பாத்தா சீன் பேப்பர் வரல. மெட்ராஸ்ல இருந்து வாட்ஸ்அப்ல வரணுமாம். எங்க வீட்டுச் சுவரு கனம் உங்களுக்கே தெரியும், வளவுக்குள்ள டவர் எடுக்காது, பாவம் அந்த அசிஸ்டென்ட் டைரக்டர் தம்பி போன தூக்கிப் புடிச்சுக்கிட்டு மாடிக்கு ஏறுறாரு எறங்குறாரு. லைட்மேன் ஒருத்தரு கையுறைய தலைக்கு வச்சு ரெண்டாங்கட்டு திண்ணைல தூங்கிட்டாரு, முந்தின நாள் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் பேக்கப் ஆச்சாம், விடியக்காலம் அஞ்சரைக்கு வண்டி ஏறிருக்காங்க. எங்க சித்தி அவரு தூங்குறத பாத்துட்டு ஃபேன போட்டுவிட்டுட்டு வந்தாங்க.

இது நம்ம ஊரு கூத்துன்னு நெனச்சிங்கன்னா, கொரியாவுல பல வருஷமா நடந்தது இதே கூத்துதான், பெரிய பட்ஜெட்ல. சீரியல் ஓட ஆரம்பிக்கிறப்ப கையில நாலஞ்சு எபிசோடு இருந்தா பெரிய விஷயம், மிச்சத்த ஓட ஓட எடுப்பாங்க, இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு டிவில வரப்போறத மத்தியானம் வரைக்கும் எடுத்து, சாயங்காலம் எடிட் பண்ணி, டேப்ப எடுத்துக்கிட்டு ஓடுன கதையெல்லாம் இருக்கு. வாரத்துக்கு ரெண்டு எபிசோடு, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம்னா, வாரா வாரம் ஒரு முழுப்படம் எடுக்குற கணக்கு. எழுத்தாளர் சீன் சீனா, ஒரு பக்கம் ரெண்டு பக்கமா ஸ்பாட்டுக்கு அனுப்புவாங்க, துண்டுச்சீட்டு ஸ்கிரிப்ட்டுன்னு அதுக்கு ஒரு கெட்ட பேரே உண்டு. ஏன் லேட்டு? ரசிகருங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு எழுதுவாங்க, இல்ல இன்னும் நல்லா எழுதலாம்னு திருத்திக்கிட்டே இருப்பாங்க, அவங்களத் தட்டிக் கேக்க சேனலுக்கே தைரியம் வராது. அப்ப யாரு முழிச்சிருக்கறது? லைட் புடிக்கிறவரு, வண்டி ஓட்டுறவரு, மேக்கப் போடுறவங்க, ஒரு நாளைக்கு இருபது மணி நேரம். எழுத்தாளர ராணியாக்குனதுக்கு விலை குடுத்தது இவங்கதான். இது என் ஆசை எழுத்தாளருங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

2016 அக்டோபர்ல டிவிஎன் சேனல்ல உதவி டைரக்டரா இருந்த லீ ஹான் பிட்ங்கற இளைஞர் தற்கொலை பண்ணிக்கிட்டாரு, அவரு வேல பாத்த டிராமாவோட கடைசி எபிசோடு அப்பத்தான் ஓடி முடிஞ்சிருந்துச்சு. யூனிட் ஆளுங்கள எப்படி சக்கையா புழிஞ்சாங்க, அதுல தானும் ஒரு கருவியா இருக்க வேண்டி வந்துச்சேன்னு எழுதி வச்சிருந்தாரு. அவங்க குடும்பம் விடல, போராடி கம்பெனி மன்னிப்பு கேட்டுச்சு, அவரு பேர்லயே 2018ல மீடியா தொழிலாளர் உரிமை மையம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 2017 டிசம்பர்ல இன்னொரு பெரிய டிராமா செட்ல, சாண்டிலியர் மாட்ட மேல ஏறுன ஸ்டாஃப் ஒருத்தர் கீழ விழுந்து இடுப்புக்குக் கீழ செயல் இழந்துட்டாரு. 2018ல வாரத்துக்கு 52 மணி நேரத்துக்கு மேல வேல வாங்கக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, பெரிய கம்பெனில ஆரம்பிச்சு படிப்படியா. அதுக்கப்புறம் முன்கூட்டியே எடுத்து வைக்கிற பழக்கம் கூடுச்சு, நெட்ஃபிளிக்ஸ் மொத்தமா எடுத்துட்டுத்தான் போடும்ங்கறதும் உதவுச்சு. ஹாஸ்பிடல் பிளேலிஸ்ட் 2020ல வந்தப்ப வாரத்துக்கு ஒரே எபிசோடுதான் போட்டாங்க, ஆளுங்க வேல பாக்குற சூழ்நிலைய மாத்தணும்னு அந்த டீமே சொல்லிப் பண்ணது. ரசிகருங்க ஒரு வாரம் முழுக்க காத்துக் கெடக்கணுமேன்னு பொலம்புனாங்க, காத்துக் கெடக்கட்டும். அந்த டைம்ல, கதைல பேண்டு வச்சிருக்க அஞ்சு டாக்டரா நடிச்சவங்களும் நெசமாவே கிடார், டிரம்ஸ், கீபோர்டு கத்துக்கிட்டு வாசிச்சாங்க, நடிச்சு ஏமாத்தல.

காசு விஷயம் ஒண்ணு சொல்லிர்றேன். ஸ்க்விட் கேம் எழுதி எடுத்த ஹ்வாங் டாங் ஹ்யூக் அத 2008, 2009லயே எழுதிட்டாரு, யாரும் வாங்கல, பணக்கஷ்டத்துல லேப்டாப்ப வித்தாரு. 2021ல வந்த மொத சீசன் ஒன்பது எபிசோடையும் தனியா எழுதி தனியா டைரக்ட் பண்ணி, அந்த மன அழுத்தத்துல ஆறு பல்லு போச்சுன்னு அவரே சொன்னாரு. நெட்ஃபிளிக்ஸ் அதுக்கு செலவழிச்சது சுமார் 2.14 கோடி டாலர், அதால அவங்களுக்கு கெடச்ச மதிப்பு 90 கோடி டாலர் பக்கம்னு கம்பெனி உள்கணக்கே சொல்லுதுன்னு புளூம்பெர்க் எழுதுச்சு. மொத சீசனுக்கு அவருக்கு கெடச்சது ஒப்பந்தத்துல என்ன போட்டிருந்ததோ அதுதான். 2022ல எம்மி விருது குடுத்தாங்க. எம்மிய கடிச்சுத் திங்கவா முடியும், அதுவும் பல்லு போனப்புறம். ஸ்க்விட் கேம்ல அலிங்கற ஆளா நடிச்ச அனுபம் திரிபாதி நம்ம டில்லிப் பையன், சியோல்ல போய் நடிப்பு படிச்சவரு, எங்க வீட்டுல எல்லாருக்கும் புடிச்ச ஆளு அவருதான்.

விளம்பரமும் சொல்லணும். 2010ல அங்க சட்டப்படி சீரியலுக்குள்ள பொருளக் காட்டலாம்னு அனுமதி வந்துச்சு, அதுல இருந்து ஹீரோ அழுதுக்கிட்டே சாண்ட்விச் கடைக்கு போவான், வில்லன் கொல்றதுக்கு முன்னாடி காபி மிட்டாய் போட்டுக்குவான். எழுத்தாளருங்களுக்கும் இது தலவலிதான், உயிர் போற சீன்ல எங்க கொண்டுபோய் மிட்டாய சொருகுறது. அப்பத்தா ரொம்ப நாளா "இவுகளுக்கு வீட்டுல அடுப்பே எரியாதா, எப்பப் பாத்தாலும் அந்தக் கடைக்கே போறாக"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தாக, காரணத்த சொன்னதும் "அப்ப சரி, படியளக்குறவன் கடைக்குத்தான போகணும்"னு ஒத்துக்கிட்டாக. யாவாரக் குடும்பம்ல.

2025 மார்ச்ல வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ் வந்துச்சு, வாரத்துக்கு நாலு நாலா 16 எபிசோடு. எழுதுனது இம் சாங் சுன், அது புனைபேரு, மூஞ்சிய வெளில காட்டாத ஆளு. எடுத்தது அதே சிக்னல் டைரக்டர் கிம் வோன் சியோக். ஜேஜு தீவுல கடலுக்குள்ள மூச்சப் புடிச்சு முங்கி சிப்பி எடுக்குற அம்மா, கவிதை எழுத ஆசைப்படுற மக ஏ சுன், காலேஜுக்குப் போகணும்ங்கற அவ கனவு நடக்காது, அவ மக காலத்துலதான் நடக்கும். அப்பத்தா ஏறக்குறைய அந்த ஏ சுன் காலத்து ஆளு, கொஞ்சம் மூத்தவுக. அஞ்சாங்கிளாஸோட நிறுத்திட்டாக, ஐயா, அதான் அப்பத்தா வீட்டுக்காரரு, மலேயாவுக்கு கொண்டுவிக்கப் போய், அதாவது யாவாரம் பண்ணப் போய், பெட்டியடில கணக்குப் பாத்துக்கிட்டு இருந்தப்ப இவுகதான் இங்க தனியா வீட்டையும் நெலத்தையும் பாத்துக்கிட்டாக, ஐயாவுக்கு எழுதுற கடுதாசிய மட்டும் யாரையும் எழுத விடமாட்டாகளாம். அந்த சீரியல் பாக்கையில நான் பாதிக்கு மேல மொழிபெயர்க்கவே இல்ல, "சும்மா இரு, எனக்குப் புரியுது"ன்னுட்டாக. ஒரு எடத்துல மட்டும், பள்ளிக்கூடத்துல ஓட்டு எண்ணுற சின்னப் பிள்ளைங்க சீன்ல, ஏ சுன் கிளாஸ் லீடர் தேர்தல்ல ஜெயிச்சும் காசு இருக்கவன் பிள்ளைக்கு போயிரும்ல, அப்ப ரிமோட்ட வாங்கி நிறுத்துனாக. தண்ணி குடிச்சுட்டு வந்து, ம்ம் போடுன்னாக.

அடுத்து என்ன போடுறதுன்னுதான் இப்ப வீட்டுல சண்டை. அம்மாவுக்கு பார்க் ஹே யங் எழுதுன மை மிஸ்டர் மூணாவது தடவ பாக்கணும், பாத்து அழணும், அதுதான் அவங்களுக்கு ரெஸ்ட். நான் சொல்றது 2016ல நோ ஹீ க்யங் எழுதுன டியர் மை ஃபிரண்ட்ஸ், அறுபது எழுபது வயசு ஆளுங்கதான் ஹீரோ ஹீரோயின், கிம் ஹே ஜா, நா மூன் ஹீ, கோ டூ ஷிம்னு அந்த ஊரு பெரிய கைங்க, பின்னாடி மினாரி படத்துக்காக ஆஸ்கர் வாங்குன யூன் யோ ஜங்கும் உண்டு. அதுல எழுத்தாளரா இருக்க மகள பாத்து அம்மா எங்க கதைய எழுதுன்னு நச்சரிச்சுக்கிட்டே இருப்பாங்க. அப்பத்தாவுக்கு கண்டிப்பா புடிக்கும்னு போஸ்டரக் காட்டுனேன். கண்ணாடிய மாட்டி ஒவ்வொரு மூஞ்சியா நல்லா பாத்துட்டு, "எல்லாம் கெழவியா இருக்காளுகளே, இதப் பாக்க எனக்கு எதுக்கு டிவி, வெளக்கு வச்சதும் திண்ணைல போய் உக்காந்தா போதாதா"ன்னு போன திருப்பிக் குடுத்துட்டாக. ஞாயித்துக்கிழமை சித்தி வர்றாங்க, அவங்கள விட்டுப் பேசச் சொல்லியிருக்கேன்.